முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

எங்கள் நாட்டில் வரிக்கணக்கு ரகசியமில்லை.
டிசம்பர் வந்தால் பட்டியல் வந்துவிடும்.
யாருக்கு என்ன வருமானம், எவ்வளவு சொத்து,
பெயரைத் தட்டினால் போதும்.
ஒரே ஒரு நிபந்தனை:
யார் பார்த்தது என்பது
பார்க்கப்பட்டவருக்குத் தெரியும்.

படகின் சாப்பாட்டு அறையில் கேட்டால்
அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பார்கள்.
ஆனாலும் பாதிரியாரின் சம்பளம்
எல்லாருக்கும் மனப்பாடம்.

இரவுப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தேன்.
ஆஸ்லெ தூங்கியிருந்தான்.
கப்பல் பட்டறை அவனை அனுப்பிவிட்டதிலிருந்து
சீக்கிரமே தூங்கிவிடுகிறான்.
உப்புக் காய்ந்த கையுறையை
ஹீட்டர்மேல் போட்டுவிட்டுத் தட்டினேன்:
ஹால்வர் ஸ்த்ரம்ஸ்னெஸ்.

ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.
பின்னக் கணக்கு அவனுக்கு ஏறவே ஏறாது.
என் நோட்டைப் பார்த்து எழுதுவான்,
என் தப்பையும் சேர்த்து.
இப்போது பதினோரு சால்மன் பண்ணைகள்.
அவன் சொத்தை வாசிக்க
வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து
இலக்கங்களை எண்ணவேண்டியிருந்தது.
ஒருமுறை எண்ணித் தவறி, மறுபடி எண்ணினேன்.

வயிறு எரிந்ததா என்றால், இல்லை.
விழுந்த பல்லின் குழியை
நாக்கு போய்ப் போய்த் தொடுமே,
அப்படி.

அதற்காகப் பணம் வேண்டாம் என்பவள் இல்லை நான்.
கூரை ஒழுகுகிறது.
இடது முழங்கால் படியிறங்கும்போது
சத்தம்போட்டுப் பேசுகிறது.
காசு இருந்தால் மட்டும் நிம்மதி வந்துவிடுமா
என்று கேட்கும் அன்பர்கள்
ஒரு மழைநாளில் வரட்டும்,
என் வீட்டு வாளியைக் காலி செய்யட்டும்.

மறுநாள் ஆறு நாற்பது படகு.
இருட்டு. ஃபியோர்டின் மேல் மூடுபனி.
முப்பத்தெட்டு வண்டிக்கு வரைந்த தளத்தில்
நான் நாற்பத்தொன்று ஏற்றுவேன்,
ஒரு கீறல் விழாமல்.
அந்தச் சில நிமிடம்
மேயரும் மீன் லாரியும்
என் உள்ளங்கை சொன்ன இடத்தில் நிற்பார்கள்.
அதில் எனக்கொரு ருசி.
சம்பளச் சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

கறுப்பு மின்கார் ஒன்று
சத்தமில்லாமல் ஏறியது.
கை காட்டினேன், நின்றது.
கண்ணாடி இறங்கியது.

“குன்வோர், என்னைப் பார்த்தாயாமே.”

“பார்த்தேன்.”
வேறென்ன சொல்ல?
காது மட்டும் அந்தக் குளிரிலும் சுட்டது.

கோபமில்லை அவன் முகத்தில்.
சவரம் செய்யாத முகம்;
விலை தெரியாத கோட்டின் மேல்
காப்பிக் கறை.

“இந்த வருடம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்” என்றான்.
“வங்கிக்காரன், போட்டிக்காரன், விவாகரத்து வக்கீல்,
பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்க்காரர்கள்.
நடுவில் என் பெண், சீவ்.
இரண்டு வருடமாய் ஒரு போன் இல்லை.
பொங்கிய பாலை அணைப்பதுபோல்
என் அழைப்பைத் துண்டிப்பாள்.
ஆனால் வந்து பார்த்திருக்கிறாள்.”

என்ஜின் தாளம் மாறியது; கரை நெருங்குகிறது.

“நீ கணக்கில் கெட்டிக்காரி, சொல்.
அவள் என் காசைப் பார்த்தாளா,
இல்லை, அப்பா எப்படி இருக்கிறார் என்று
விசாரித்தாளா?”

வாயெடுத்தேன்.
பின்னாலிருந்த ரொட்டி லாரி ஹாரன் அடித்தது.
கையை அசைத்தேன்.
எல்லாரையும் போல அவனும்
நான் காட்டிய வழியில் இறங்கிப் போனான்.

அன்றிரவு என் பெயருக்குப் போனேன்.
பல வருடமாய் அங்கே ஈ காக்கை இல்லை.
என்னிடம் பார்க்க என்ன இருக்கிறது?

இந்த முறை ஒரு பெயர்.
ஹால்வர்தான் பதிலுக்குப் பார்த்திருப்பான் என்று
கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் திறந்தேன்.

ஆஸ்லெ.
பிறந்த வருடம் சரி. ஊர் இதே ஊர்.
சுவருக்கு அந்தப்பக்கம்
குறட்டை விட்டுக்கொண்டிருப்பவன்.

என் சம்பளமா, ஆஸ்லெ?
விசாரிப்பா?

வாளி நிரம்பும் சத்தம் கேட்டது.
எழுந்து போனேன்.
எனக்கு முன்பே
யாரோ அதை மாற்றியிருந்தார்கள்;
அடியில் புதிதாய் விழுந்த தண்ணீர்
விரற்கடை அளவு.
அவன் அறையில்
குறட்டை நின்றிருந்தது.